மணல் மூட்டைக்குக் கை கொடுத்தாய்

இன்றைக்குக் கீழ்வேளூர் கொள்முதல் நிலையத்தில் புதுச் சாக்குக் கட்டைப் பிரித்தார்கள். நாம் இருவரும் நெல் மூட்டை தூக்கிய இடம். சணல் வாசனை தெருவுக்கே வந்தது. உன் நினைப்பும் வந்தது. எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

தஞ்சாவூரில் நீ ஓடிய அந்த உடற்பயிற்சிப் பந்தயம் திரும்ப வருகிறதாம். ஓட வேண்டும், இரும்பு வண்டியைத் தள்ள வேண்டும், மணல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி ஓட வேண்டும். நாம் போனபோது ஒரு பந்தலும் மைக்செட்டும்தான். இப்போது ஒரத்தநாடு வரைக்கும் ஜிம்காரர்கள் இதற்கென்றே ஆள் சேர்க்கிறார்கள்; புரோட்டீன் டப்பா விற்கிறார்கள், பனியன் விற்கிறார்கள். "சொமந்து கூலி வாங்குனோம். இவங்க காசு கட்டிச் சொமக்குறாங்க. நாம முன்னாடியே பொறந்துட்டோம்டா" என்று நாம் போன அன்றைக்குச் சிரித்தாய்.

சிரித்தாலும் உனக்கு அது விளையாட்டு இல்லை. வயசாயிட்டு என்று லோடுமேன் வேலையிலிருந்து உன்னை நிறுத்தியிருந்தார்கள். பந்தயத்தை முடித்து, பதக்கத்தோடு கொள்முதல் நிலைய வாசலில் போய் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டாய்.

முடித்திருப்பாய். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லைக்கோடு பக்கத்தில்தான். உன்னோடு ஓடியவனின் மூட்டை நழுவி விழுந்தது; குனிந்து திணறினான். மூட்டைக்குக் குனிந்தவனைக் கண்டால் கூப்பிடாமலே போய்த் தூக்கிவிடுவது நம் வழக்கம். உன் மூட்டையைக் கீழே போட்டுவிட்டு அவன் தோளில் ஏற்றிவிட்டாய். நடுவர்கள் விசில் ஊதினார்கள்.

"ஐயா, இங்க ஒருத்தருக்கு ஒருத்தர் கை குடுக்கக் கூடாதுங்க. ரெண்டு பேரும் வெளிய வாங்க."

"பெருசு, உங்கள யாரு கூப்புட்டா? கெடுத்துட்டீங்களே!" என்றான் அவன்.

திரும்பி வரும்போது பேருந்து திருவாரூரைத் தாண்டியது. அப்புறம்தான், "என்னோடது போவட்டும். அவனும் முடிக்கல பாரு" என்றாய். "அடுத்த தடவ வேற பக்கம் பாத்துக்கிட்டே ஓடுறேன்."

அடுத்த தடவை வருவதற்குள் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இந்த முறை ஜோடிப் பிரிவு என்று புதிதாக வைத்திருக்கிறார்களாம். ஒருவர் மூட்டையை மற்றவர் தூக்கிவிடலாமாம். பேத்தி செல்போனில் பார்த்துச் சொல்லிவிட்டு, "உங்க பேரக் குடுக்கவா தாத்தா? ஜோடிக்கு யாரு?" என்று கேட்டாள். இதை முன்னாடியே வைத்திருக்கக் கூடாதா?

கொள்முதல் நிலையத்துக்கு நடந்தேன். லோடுமேன் ஒருவர் மூட்டைக்குக் குனிந்தார். அவர் கூப்பிடவில்லை, போய் ஏற்றிவிட்டேன். அவர் நகர்ந்த பிறகும் என் கைகள் நீண்டபடியே இருந்தன, அடுத்தது உன் மூட்டை என்று.