சாரலில் வைத்த சூரிய அடுப்பு

தென்காசி
12-7-1986

அன்பு மகன் பரீதுக்கு உம்மா ஹைருன் பீவி ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் கிருபையால் நாங்கள் எல்லாரும் சுகம், என் இருமலும் சுகம், என்னை விட்டுப் போக அதற்குத்தான் மனசு வரவில்லை. சவுதியில் தம்மாமில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன கடிதத்தில், இருமலோடு விறகடுப்பு முன்னால் உட்கார்ந்தால் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடுவேன் என்று மிரட்டியிருந்தாய் அல்லவா, அதைப் படித்ததிலிருந்து உன் வாப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சித்திரை வெயிலில் யூனியன் ஆபீஸ் வாசலில் சூரிய அடுப்பு என்று ஒரு பெட்டியை வைத்துச் சோறாக்கிக் காட்டியிருக்கிறார்கள். கண்ணாடி மூடி, உள்ளே கறுப்புப் பாத்திரம், விறகும் வேண்டாம் புகையும் இல்லை, பாதி விலையை அரசாங்கமே மானியமாகத் தரும், ஆனால் வீட்டில் சோறு வேகுவதை அதிகாரி கண்ணால் பார்த்தால்தான் தருவார்கள் என்றதும், இவர் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டார். மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்த மனுஷனுக்கு ஆனியில் சாரல் விழும் என்பது மறந்துபோச்சு!

பெட்டி வந்து இறங்கிய அன்றைக்கே சாரல் பிடித்துக்கொண்டது. குற்றாலத்தில் ஐந்தருவியில் தண்ணீர் கொட்டுது என்று ஊரே துண்டும் எண்ணெயுமாக ஓடுகிறது, உன் வாப்பா மட்டும் மொட்டைமாடியில் குடையோடு நின்று மலையை முறைக்கிறார். பெட்டிக் கண்ணாடி உன் தங்கச்சி ஷமீம் பானு தலை சீவத்தான் உதவியது. இந்த லட்சணத்தில் திங்கட்கிழமை அதிகாரி வருவதாகக் கார்டு வந்தது. அதைப் பார்த்து அவர் முகம் செத்துப்போச்சு, சாப்பாடுகூட இறங்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை மகனே. திங்கட்கிழமை விடிந்ததும் ஈர விறகை ஊதி ஊதிச் சோறு வடித்து, யாருக்கும் தெரியாமல் அந்தக் கறுப்புப் பாத்திரத்தில் போட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். தப்புதான், பிறகு அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுத் தவ்பா செய்துகொண்டேன்.

அதிகாரி நாறும்பூநாதன் என்று பாளையங்கோட்டைக்காரர், நல்ல மனுஷன், குடை பிடித்துக்கொண்டே மாடியேறி வந்தார். மூடியைத் திறந்ததும் ஆவி வந்தது. குனிந்து மோந்துவிட்டு, என்ன அண்ணாச்சி, சூரியன்ல விறகுப்புகை வாசம் வருதே என்றார். உன் வாப்பா ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு, கொட்டுகிற சாரலில் நின்றுகொண்டு, எங்க ஊர் வெயிலுக்கே அந்த வாசம் உண்டு சார் என்கிறார்! அதிகாரி சிரித்த சிரிப்பில் அவர் குடை காற்றோடு போய்விட்டது. நானும் சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது, நிற்கவே இல்லை. அதிகாரி சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். அப்போதுதான் உன் வாப்பா, மானியத்துக்காக இல்ல சார், இவ இருமுததைக் கேக்க முடியல, அதுக்குத்தான் வாங்கினேன் என்றார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அழுதுவிட்டேன், புகைதான் என்று சொல்லிக்கொண்டேன்.

பெட்டியில வேகாத சோத்துக்கு நான் கையெழுத்துப் போட முடியாது, சாரல் போகட்டும், புரட்டாசியில வாரேன் என்று அதிகாரி சொல்லிவிட்டார், அதுதான் நியாயம். ஆனால் புகையில்லா அடுப்புத் திட்டத்தில் என் பெயரை அங்கேயே எழுதிக்கொண்டு போனார். அய்யாக்குட்டி என்று ஒரு கொத்தனார் வந்து, கூரைக்கு மேலே புகை போகக் குழாய் வைத்து அடுப்பைக் கட்டிக்கொடுத்தார், ஒரு காசு வாங்கவில்லை. ஆகையால் நீ வேலையை விட வேண்டாம், லீவுக்கு மட்டும் வா, புரட்டாசியில் வந்தால் சூரியச் சோறு உண்டு. உங்கள் ஊர் வெயிலில் தலையில் துண்டில்லாமல் அலையாதே, ஐந்து வேளைத் தொழுகையை விடாதே. ஈரலை வாட்டும் வெயிலென்று எழுதியிருந்தாய், மோர் கிடைத்தால் குடி. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தருவானாக.

இன்று காலை முழுக்கச் சமைத்தேன், ஒரு தடவைகூட இருமவில்லை. கடையிலிருந்து உன் வாப்பா பாதியில் ஓடிவந்து அடுக்களையை எட்டிப் பார்த்து, ஏட்டி, சத்தத்தையே காணோமே, உனக்கு ஒண்ணுமில்லையே என்று கேட்கிறார்.

துஆவுடன்,
உன் உம்மா
ஹைருன் பீவி