பள்ளி வாசலுக்கு எதிரே

மாமா அவர்களுக்கு,

நாளை பள்ளியில் உங்கள் பேத்திக்குப் பரிசு கொடுக்கிறார்கள். நாம் குடியேறிய இந்த நாட்டுச் சட்டப்படி, பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் பெயர் உள்ளவன் அந்த வாசலைத் தாண்டக்கூடாது. என் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள்.

நாங்கள் காதலித்தபோது எனக்குப் பத்தொன்பது வயது, உங்கள் மகளுக்குப் பதினெட்டாக ஐந்து மாதம் பாக்கி. "சும்மா மிரட்டி வைக்கத்தான் புகார் கொடுத்தேன் மாப்பிள்ளை" என்று பிற்பாடு எங்கள் கல்யாணத்தில் சொன்னீர்கள். எய்த அம்பு திரும்புமா?

சிறுமிகளைக் காக்கச் சட்டம் வேண்டும். மகளைப் பெற்றவன் நான், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் இருபத்தைந்து வருடமாக, ஆண்டுதோறும் காவல் நிலையத்தில் போய்க் கையெழுத்துப் போடுகிறேன். போன மாதம் எழுத்தர் சிரித்தார்: "பாதிக்கப்பட்டவங்களே தண்ணி பாட்டிலோட துணைக்கு வர்ற ஒரே ஆளு நீங்கதான் சார்."

உங்கள் மகள் சிரிக்கவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். எதிர்ப்பக்கம் மருந்துக்கடை ஓரமாக நான் நிற்பேன். பரிசை வாங்கியதும் குழந்தை வாசலுக்கு ஓடி வந்து எனக்குத் தூக்கிக் காட்டுவாள். அப்போதாவது குறுக்கே நிற்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் கணவன்