ஒரு ஓட்டைக்கு ஒரு ஒயர்

கள்ளக்குறிச்சி,
ஐப்பசி 26, ஞாயிறு.

அன்பு மகள் பூங்கோதைக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிர் தேசத்தில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினம் கடை ஷட்டரைத் தூக்கியதும் முதலில் அதைத்தான் சாமியிடம் கேட்கிறேன், வியாபாரத்தை அப்புறம்தான் கேட்கிறேன். அம்மாவுக்கு முட்டி வலி கம்மி, நீ அனுப்பிய களிம்பைப் பக்கத்து வீட்டுக்கெல்லாம் கொடுத்துத் தீர்த்துவிட்டு இப்போது பழையபடி வேப்பெண்ணெய்தான் தேய்க்கிறாள். மழை விடாமல் பெய்ததில் கோமுகி அணை நிறைந்துவிட்டது, மலை ரோட்டில் இரண்டு இடத்தில் மண் சரிந்து பஸ் ஒருநாள் பாதியில் திரும்பியது. நீ காலேஜ் ஹாஸ்டலில் இருந்தபோது எழுதியதற்கு அப்புறம் உனக்கு நான் கடிதம் எழுதுவது இப்போதுதான். தினம் போனில் பேசுகிற அப்பா எதற்குத் தாளை எடுத்தார் என்று பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் சொல்லத்தான் பார்த்தேன். நீ எடுத்ததும் சாப்டீங்களாப்பா என்று கேட்கிறாய், உடனே மழையைப் பற்றிப் பேசிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்தால் இதிலும் தப்பித்துப் போய்விடுவேன். மலைமேல் கரியாலூரில் வெள்ளச்சி வீட்டில் தீப்பிடித்ததற்கு, ஒயர்களை இணைக்க நீ கொண்டுவந்து கொடுத்த லீவர் கனெக்டர் காரணம் இல்லை. ஒயரிங் செய்த செல்லனும் காரணம் இல்லை. நான்தான் காரணம், அது எனக்கு அன்றைக்கே தெரியும், தெரிந்தேதான் உன்னிடம் மாற்றிச் சொன்னேன்.

சித்திரையில் நீ லீவுக்கு வந்தபோது அந்தக் கனெக்டர் டப்பா இரண்டையும் கல்லாவுக்கு முன்னால் பிரித்துவைத்து நம் கடைக்கு வருகிற ஒயர்மேன்களுக்கெல்லாம் காட்டினாய். ஆரஞ்சு நாக்கைத் தூக்கினால் வாய் திறக்கும், ஒயரைச் சீவி உள்ளே விட்டு நாக்கை அமுக்கினால் கவ்விக்கொள்ளும், முறுக்கவும் வேண்டாம் டேப்பும் வேண்டாம் என்றாய். நான் பக்கத்தில் நின்று, இது குழந்தை விளையாடுகிற சாமான் மாதிரி இருக்கிறது, முப்பது வருஷமாக முறுக்கி டேப் சுற்றின ஜாயின்ட் ஊரையே வெளிச்சம் காட்டிக்கொண்டிருக்கிறது என்று கேலி பேசினேன். வெள்ளிமலை செல்லன் மட்டும் ஒன்றை எடுத்துக் கையில் வைத்து ஐம்பது தடவை திறந்து மூடிப் பார்த்தான். மலையில் பனிக்கும் மழைக்கும் டேப் ஆறு மாசத்தில் பிரிந்து தொங்கும், அதனால் அவனுக்குத்தான் அதன் அருமை தெரிந்தது. அவனிடம் நீ ரெண்டு தடவை சொன்னாய், ஒரு ஓட்டைக்கு ஒரு ஒயர்தான், மறக்காதீங்கண்ணா என்று. நான் அப்போது கல்லாவில் உட்கார்ந்திருந்தேன், என் காதிலும் விழுந்தது.

நீ போன பிறகு செல்லன் மலையில் ஒரு வீட்டுக்கு அதைப் போட்டான், பார்த்தவர்கள் எல்லாம் எங்க வூட்டுக்கும் அந்தக் கிளிப்புதான் வேணும் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கிளிப்பைக் கேட்டு வருகிறவன் ஒயர், சுவிட்ச், ஃபேன் எல்லாம் நம்மிடமே வாங்கிக்கொண்டு போனான். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெர்மனி சாமான், என் மகள் கொண்டுவந்தது என்று வருகிறவனிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். உன் டப்பா இரண்டும் பாதியாகக் குறைந்தபோது மெட்ராஸிலோ இங்கேயோ தேடி வாங்கியிருக்க வேண்டும், கிடைக்காத சாமான் இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா, செல்லனைக் கூப்பிட்டு, மூன்று ஓட்டை இருக்கிறதே, ஓட்டைக்கு இரண்டாகச் செருகினால் ஒரே கிளிப்பில் ஆறு ஒயர் முடிந்துவிடுமே என்றேன். அவன் தயங்கினான். ‘பாப்பா ஒண்ணுதான்னு சொல்லிச்சே மொதலாளி, ரெண்டு உட்டா ஒண்ணு புடிக்கும் ஒண்ணு லூசா நிக்கும்’ என்றான். நான், பாப்பா ஊருக்குப் போய்ட்டுது, கடை நான் நடத்திக்கினு இருக்கறேன், உனக்குச் சாமான் குடுக்கறவன் நானா பாப்பாவா என்று கேட்டேன். அவன் கிளிப்பை எண்ணி எடுத்துக்கொண்டு போனான். அப்படிப் போட்டது மொத்தம் ஏழு வீடு.

அதில் ஒன்று வெள்ளச்சி வீடு. அருவி பார்க்க வருகிறவர்கள் தங்குவதற்கென்று தன் வீட்டை ஒட்டி இரண்டு அறை கட்டினாளே, நீ இருந்தபோதுகூடக் கடையில் வந்து ஃபேன் பார்த்துப் போனாளே, அவள்தான். புரட்டாசி கடைசியில் ஆள் வந்து தங்கி இரண்டு அறையிலும் வெந்நீர் ஹீட்டரைப் போட்டதும் மேலே ஒயர்கள் சேருகிற ஜங்ஷன் பாக்ஸ் சூடேறி உருகிக் கீழே ஒழுகியிருக்கிறது. கீழே அடுக்கியிருந்த மூட்டையில் தீ பிடித்துக்கொண்டது. அடுத்த ஆடிக்கு விதைக்க என்று பொறுக்கி எடுத்துவைத்த சாமை அது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை, விதை போய்விட்டது, சுவரெல்லாம் கரி. சேதி கேட்டு நான் ஜீப் பிடித்துப் போனேன், செல்லன் அன்றைக்கு வேறு ஊரில் வேலையாக இருந்தான். பாக்ஸைக் கழற்றிப் பார்த்தேன், உருகின கிளிப்பில் ஒரே ஓட்டைக்குள் இரண்டு ஒயர் கருகி ஒட்டிக்கொண்டிருந்தது. பார்த்ததும் புரிந்துவிட்டது. யாரும் கவனிக்காத நேரத்தில் அதைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அம்மா துவைக்கும்போது பையில் என்ன இது கறுப்பு என்று கேட்டாள், பேனா மை என்று சொன்னேன்.

அங்கிருந்து நேராகக் கரியாலூர் டீக்கடைக்குப் போனேன். ஜனம் கூடியிருந்தது, எல்லாரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். நான், சாமான் நல்ல சாமான்தான், போட்ட கை சரியில்லை, மலை ஆளுக்கு இந்த வேலையெல்லாம் எங்கே வரும் என்று சொன்னேன். எலவனாசூர்கோட்டையில் நடவுக்கும் அறுப்புக்கும் போய் வந்த கூலிக்காரனுக்குப் பிறந்தவன் நான், எவன் எவன் எந்த வார்த்தையால் என் அப்பாவைப் பேசினான் என்று இன்றைக்கும் ஞாபகம் வைத்திருக்கிறவன், நான் சொன்னேன் இதை. அன்று சாயங்காலம் உனக்குப் போன் போட்டு, நீ கொடுத்த சாமான் எரிந்துபோச்சு, மலையில் என் பேர் கெட்டுப்போச்சு என்றேன். அங்கே ஒரு பேச்சு, உன்னிடம் ஒரு பேச்சு. நீ ஒரு போட்டோ அனுப்புங்கப்பா என்றாய், தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்றேன். அப்போது நீ அழுதாய். மன்னிச்சிடுங்கப்பா, நான்தான் சரியாச் சொல்லிக் குடுக்காம வந்துட்டேன் என்றாய். நான் சரி விடு என்றேன். பூங்கோதை, மற்றதையெல்லாம் ஒரு பயத்தில் செய்தேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். அந்த மன்னிப்பை நான் வாங்கி வைத்துக்கொண்டேனே, அதற்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

இருபது நாள் ஓடிவிட்டது. மலையில் செல்லனை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. அவனும் என்னிடம் வந்து ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவன் கேட்காதது எனக்கு வசதியாக இருந்தது. போன புதன்கிழமை அவன் மனைவி சின்னப்பொண்ணு கடைக்கு வந்தாள். டிரில்லிங் மெஷின், டெஸ்டர், கட்டிங் பிளேயர் எல்லாம் ஒரு சாக்கில் போட்டு மேஜைமேல் வைத்தாள். ‘யார்னா வாங்கனா குட்த்துடுங்க மொதலாளி, எங்க வூட்டு ஆளு திங்கக்கெழம கொடகுக்குக் காப்பித் தோட்டத்துக்குப் போவுது’ என்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் சரிம்மா என்றேன். அவள் போகவில்லை. ‘இன்னொண்ணு சொல்லச் சொல்லிச்சு. மத்த ஆறு வூட்லயும் அப்டியேதான் போட்டிருக்குதாம். அது போயி பாக்ஸத் தொறந்தா அங்கயும் கெடுத்தவன் வந்துட்டான்னு அட்ச்சித் தொரத்தறாங்களாம். நீங்க வேற ஆள உட்டாவது மாத்திடச் சொல்லிச்சு, கொயந்த குட்டி இருக்கற வூடுங்களாம்’ என்றாள்.

நான் ஒரு நாள்கூட அந்த ஆறு வீட்டை நினைக்கவில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். நினைத்தேன். தினம் நினைத்தேன். போய் மாற்றினால் ஏன் மாற்றுகிறாய் என்று கேட்பார்களே என்றுதான் போகவில்லை. உள்ளே அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். மத்தியானம் சோற்றைப் போட்டுவிட்டு, பேனா மைன்னு சொன்னது இதானா என்று மட்டும் கேட்டாள். அதற்கு மேல் இன்றுவரை கேட்கவில்லை, தேவைக்குத்தான் பேசுகிறாள்.

வியாழக்கிழமை கடையைத் திறக்காமல், அந்தச் சாக்கையும் இங்கே தேடிப் பிடித்து வாங்கின புது கனெக்டர் டப்பாவையும் எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் வெள்ளிமலை போனேன். செல்லன் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தான். வாங்க மொதலாளி என்றுகூடச் சொல்லவில்லை. நான் செய்ததை ஒப்புக்கொண்டு, ஆறு வீட்டிலும் மாற்றக் கூட வரச் சொன்னேன், முழுசாகக் கேட்டான். ‘வரேன். ஏணி மேல நான் ஏறறேன். கீழ நின்னு இன்னா ஆச்சின்னு வூட்டுக்காரங்ககிட்ட நீங்க சொல்லணும். நீங்க சொன்ன பெறகுதான் பாக்ஸ்ல கை வெப்பன்’ என்றான். அப்படித்தான் நடந்தது. ஒவ்வொரு வீட்டிலும் அவன் ஏணிமேல் ஏறி ஸ்குரூ டிரைவரைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பான், நான் வாயைத் திறக்கிற வரைக்கும் சும்மாவே நிற்பான். முதல் வீடு மாதன் வீடு. மாதன் கேட்டுவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தார் பார், ‘ஒரு சீட்ல ரெண்டு டிரைவர ஒக்கார வெச்சி பஸ்ஸ மலமேல உட்டீங்களா மொதலாளி, பலே வியாபாரிதான் போங்க’ என்றார். அவர் சிரித்தது எனக்குச் சௌகரியமாக இருந்தது, இவ்வளவுதானா என்றுகூட நினைத்தேன்.

மூன்றாவது ஆயம்மாள் வீடு. நான் சொல்லி முடித்ததும் செல்லன் மூடியைக் கழற்றிவிட்டு இறங்கி, என்னை மேலே ஏறிப் பார்க்கச் சொன்னான். நான் ஏறினேன். கிளிப் பழுப்பேறி ஒரு பக்கம் இளகிச் சரிந்திருந்தது, ஒயர்த் தோல் பொரிந்து உரிந்திருந்தது. குனிந்து பார்த்தேன், அதற்கு நேர் கீழே கட்டில், கட்டிலில் ஆயம்மாள் மகளின் கைக்குழந்தை வாயைத் திறந்து தூங்குகிறது. இறங்கினதும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆயம்மாள் பாய் போடவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை. ‘இத்தினி நாளு இது தெரிஞ்சிம் சோறு துன்னுக்கினு இருந்தியா நீ’ என்றாள். அவளைவிட மூத்தவன் நான், நீ என்றுதான் கேட்டாள். கேட்கட்டும்.

கடைசியாக நேற்று வெள்ளச்சி வீடு. அங்கே மாற்ற ஒன்றுமில்லை, சொல்லத்தான் போனேன். அவள் செல்லனைப் பார்த்து, ‘ஊரு பேசுதுன்னு நானும் உன்னப் பேசிட்டண்டா தம்பி’ என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்து, ‘அவன் கை சரியில்லன்னு டீக்கடைல நின்னு சொன்னீங்க, இங்க வூட்டுக்குள்ள வந்து காதுல ஓதனா ஆச்சா, அங்க நின்னே சொல்லுங்க’ என்றாள். போனேன். சனிக்கிழமை, வெளியூர் வண்டிகளும் நிறைய நின்றன. டீக்கடை பெஞ்சுக்கு முன்னால் நின்று சத்தமாகச் சொன்னேன், செல்லன் கை சுத்தமான கை, அப்படிப் போடாதே என்றுதான் சொன்னான், நான்தான் போடச் சொன்னேன், மறைத்ததும் நான், மலை ஆளுக்கு வராது என்று நான் பேசினது தப்பு என்றேன். கடைக்காரர் எனக்குப் போட்ட டீ ஆறிக்கொண்டிருந்தது, எடுக்கக் கை வரவில்லை. எரிந்த சாமைக்கு மாதன் வீட்டில் நல்ல விதை இருக்கிறது, அவரிடமே காசைக் கொடுத்து வெள்ளச்சியிடம் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன், அந்தச் சுவரைப் பூசி வெள்ளையடித்துக் கொடுப்பதும் என் பொறுப்பு.

பஸ் ஏற்றிவிட செல்லன் கூட வந்தான். மனசு இளகிவிட்டது என்று நினைத்து, திங்கட்கிழமை கடைக்கு வா, புது வேலை இரண்டு வந்திருக்கிறது என்றேன். ‘கொடகுக்குப் போவல மொதலாளி, இங்கியே இருக்கறேன். ஆனா இனிமே உங்க கடைல சாமான் எடுக்க மாட்டன்’ என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவன் சொன்னது நியாயம்தான், பஸ்ஸில் வரும்போது எத்தனை விதமாகப் புரட்டிப் பார்த்தும் அது நியாயமாகத்தான் இருந்தது.

உனக்கு அம்மா கோவில் விபூதி வைத்திருக்கிறாள், கவருக்குள் தேடிப் பார். குளிர் ஜாஸ்தி என்கிறாய், காலுக்கு உறை போடாமல் தரையில் நடக்காதே, ராத்திரி வேலை இருந்தாலும் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. உன் சாமானில் ஒரு பிசகும் இல்லை, நீ சொல்லிக் கொடுத்ததிலும் இல்லை, மாப்பிள்ளையிடமும் இதைச் சொல். நான் எழுதியதைப் படித்துவிட்டு அப்பா பாவம் என்று போன் செய்யாதே, கோபம் இருந்தால் கோபமாகவே பேசு, பேசப் பிடிக்காவிட்டால் அம்மாவிடம் மட்டும் பேசு. நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுசோடும் நிறைவோடும், யாருக்கும் முகத்தை மறைக்க வேண்டாத வாழ்வோடும் இருக்க அப்பாவின் ஆசீர்வாதம்.

ஒன்று மட்டும் மறக்காதே. செல்லன் நம்பரைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஹீட்டர் மாதிரி ஜாஸ்தி கரண்ட் இழுக்கிற லைனுக்கு எந்த சைஸ் கனெக்டர் போடுவது என்று உன்னைக் கேட்க வேண்டுமாம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வெள்ளிமலை பஸ் நிற்கிற இடத்தில் இருப்பான், அங்கேதான் டவர் கிடைக்கும், உனக்கு அது மத்தியானச் சாப்பாட்டு நேரம். நீயே கூப்பிட்டுப் பேசு. பேசும்போது அப்பா சொன்னார் என்று ஆரம்பிக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா,
காசிநாதன்.