இந்த வெயிலை நம்பாதீர்கள்

வேல்விழியின் அப்பாவுக்கு,

பட்டாசுக் கம்பெனிக்குள் போன் விடமாட்டார்கள் என்பதால், சாப்பாடு எடுக்க வந்த டிரைவரிடம் உங்கள் தூக்குச்சட்டிக்குள் இதை வைத்துக் கொடுத்தனுப்புகிறேன்.

ஒரு வாரம் மழையும் குளிருமாக இருந்தது. இன்று விடிந்ததிலிருந்தே வெயில் சுள்ளென்று அடிக்கிறது. கொடியில் கிடந்த துணியெல்லாம் அதற்குள் காய்ந்துவிட்டது. மற்ற ஊருக்கு இது நல்ல வெயில்.

மழையில் நனைந்த வெடிமருந்து என்று நீங்கள் ஷெட்டில் ஓரமாக வைத்தீர்களே, அந்த வாளியை நேற்றுச் சாயங்காலம் தொட்டேன். நிழலில் இருந்தும் சோறு வடித்த பானை மாதிரிச் சுட்டது. உங்களிடம் சொன்னதற்கு, "வெயிலு வந்துட்டுல்லா, நாளைக்குக் காயப்போட்டாச் சரியாயிரும். பங்குனிப் பொங்கல் ஆர்டர் நிக்குது" என்றீர்கள்.

நனைந்த மருந்து தானாகவே சூடேறி வெடிக்கும், அன்றைக்கே அழித்துவிட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த போர்மேனும் நீங்கள்தான்.

இன்று நான் வேலைக்கு வராததற்கு, எனக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருப்பார்கள். காய்ச்சல் இல்லை. பக்கத்து வீட்டுக் குருவம்மாள் அக்காவையும் நான் கம்பெனி வேனில் ஏறவிடவில்லை. மற்றவர்கள், "ஒம் புருசனே அங்கன நிக்காரு, எங்களுக்கு என்ன பயம்" என்று ஏறிப் போனார்கள். அந்தப் பேச்சுதான் காதில் நிற்கிறது.

அவர்கள் எல்லாரையும் கேட்டுக்கு வெளியே அனுப்புங்கள். மேனேஜர் என்ன கேட்டாலும் கேட்கட்டும். அந்த வாளிப் பக்கம் நீங்களும் போக வேண்டாம்.

தூக்குச்சட்டியில் சோறு இல்லை. சோறு இங்கேதான் இருக்கிறது. வந்து சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
இன்னும் சாப்பிடாத உங்கள் வீட்டுக்காரி