வளையலை உடைத்தவன் நான்தான்

ஸ்ரீரங்கம்,
வெகுதான்ய வருஷம், ஆனி 24.

சௌபாக்கியவதி ரெங்கநாயகிக்கு அப்பா பிச்சமுத்து ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். கொழும்பில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் குழந்தையும் எப்படியென்று உடனே ஒரு வரி எழுதிப் போடு. சௌக்கியம் என்று சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை, நிஜமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் என் அக்கா, உன் அத்தை பொன்னுத்தாய், உனக்கு வேறு மாதிரிக் கடிதம் போட்டிருப்பதாக அவளே வந்து சொல்லிவிட்டுப் போனாள். புருஷன் இருக்கும்போதே வளையலை உடைத்துக்கொண்டவள் உன் அம்மா, அதனால் ஆவணியில் உன் வளைகாப்புக்கு அவள் முதல் வளையல் போடக் கூடாதாம், அத்தைதான் போடுவாளாம். உடைத்தது உண்மை. உடைத்தவன் நான். நடந்ததைக் கேள்.

சித்திரைக் கடைசியில் அம்மா கிணற்றடிப் பாசியில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். நீ மாசமாயிருக்கும்போது பயப்படுவாயே என்று எழுதவில்லை, திட்டுவதானால் என்னைத் திட்டு. நான் அச்சாபீஸிலிருந்து வருவதற்குள் அத்தை எலும்பு கட்டுகிறவரை அழைத்து வந்து மூங்கில் பத்தை வைத்து இறுக்கக் கட்டவைத்துவிட்டாள். அவர் பாவம், வளையலை எடுத்துவிட்டுக் கட்டலாம் என்றுதான் சொன்னாராம், சுமங்கலி வளையலைத் தொடாதீர்கள் என்று அத்தைதான் தடுத்திருக்கிறாள். மறுநாள் காலையில் பார்க்கிறேன், கை வீங்கி எட்டுக் கண்ணாடி வளையலும் சதைக்குள் புதைந்து கிடக்கின்றன. விரல்கள் நீலம் பாரித்துச் சில்லிட்டிருந்தன, கிள்ளினால் தெரியவில்லை என்றாள். கட்டை அறுத்துப் போட்டுவிட்டு, வளையலை உடைக்க இரும்புக் குறடு ஒன்றை எடுத்தேன். உன் உசுருக்கு நீயே உலை வைக்கிறியே தம்பி என்று அத்தை அலறினாள். அம்மாவோ, நீங்க பாட்டுக்கு உடைங்க, நீங்கதான் கண்ணு முன்னால குத்துக்கல்லாட்டம் நிக்கிறீங்களே என்றாள். துணியைச் சுற்றி எட்டையும் நொறுக்கினேன். கொஞ்ச நேரத்தில் விரல் நுனியில் சிவப்பு திரும்பிற்று. வளையலை உடைத்ததால் நான் சாவதாயிருந்தால் சாகிறேன், அவள் கை இருக்கட்டும்.

அப்படியே ஜட்கா வண்டி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். இன்னும் அரை நாள் விட்டிருந்தால் விரல்கள் போயிருக்கும் என்றார் டாக்டர். ஆறு வாரம் மாவுக்கட்டு. கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும், விரலையும் தோளையும் சும்மா விடாமல் அசைக்க வேண்டும், இல்லாவிட்டால் விறைத்துப் போகும் என்று படித்துப் படித்துச் சொன்னார். அசைத்தால் எலும்பு விலகும் என்று அத்தை தினம் வந்து பயமுறுத்தினாள். அம்மா அவள் எதிரிலேயே விரலை மடக்கி மடக்கிக் காட்டினாள். கட்டைப் பிரித்துப் பத்து நாளாகிறது. மணிக்கட்டு இன்னும் முழுசாகத் திரும்பவில்லை, வெந்நீரில் ஊறவைத்து ஈரத் துணியைப் பிழியப் பழகுகிறாள். வலியில் அழுகிறாள், என்னைத் திட்டுகிறாள், விடாமல் பிழிகிறாள்.

உனக்கும் ஒன்று சொல்லிவைக்கிறேன், மாசமாயிருக்கும்போது கை கால் வீங்கும், மோதிரமோ வளையலோ இறுக்கிப் பிடித்தால் அன்றைக்கே கழற்றிவிடு, யார் என்ன சொன்னாலும் கேட்காதே. கால் வீங்கினால் டாக்டரிடம் காட்டு. ஆடி கழிந்ததும் மாப்பிள்ளையோடு போட் மெயிலில் வந்து சேர்.

நேற்று பெரிய அளவாக ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கி வந்து, அம்மா முன்னால் என் கையை நீட்டினேன். பழகிப் பார் என்றேன். அரை மணி நேரத்தில் மூன்று ஏற்றிவிட்டாள். அந்த நேரம் பார்த்து அத்தை வந்தாள். ஆம்பளை வளையல் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கியே, வெக்கமா இல்லையா என்றாள். இல்லை அக்கா, இன்னும் ஒன்பது பாக்கி இருக்கு, உக்காந்து பாரு என்றேன். உன் கையில் முதல் வளையல் ஏற்றப் போவது அம்மாதான். அது பிடிக்காதவர்கள் அன்று நம் வீட்டுப் பக்கம் வர வேண்டாம்.

தீர்க்க சுமங்கலியாக, தைரியசாலியாக இரு.

இப்படிக்கு,
மூன்று வளையலோடு இதை எழுதும் உன் அப்பா,
பிச்சமுத்து