விரல் பின்னால் போகாத கண்

மார்ச் 4, செவ்வாய்

பயம் போக, மனநல ஆலோசகரிடம் ஒவ்வொரு தடவையும் மூன்று மணி நேரம் உட்கார வேண்டுமாம். மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம்தான், எனக்கு மட்டும் நீட்டிப்பு. ஒரு சினிமா பார்க்கிற நேரம்தானே என்கிறாள் நாத்தனார். ஓடப்போகிற படம் எனக்கு மனப்பாடம்: கார் உருண்டது, கண்ணாடி, ரத்தம்.

விபத்து நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. எனக்கும் வீட்டுக்காரருக்கும் எலும்பெல்லாம் கூடிவிட்டது. பஸ்ஸில் போகிறேன், கம்பெனி வேனில் போகிறேன். அவர் ஓட்டுகிற காரில் மட்டும் ஏற முடியவில்லை. "அப்ப உன் பயம் வண்டி மேல இல்ல, என் மேலதான்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். போன மாதத்திலிருந்து ஹாலில் படுக்கிறார்.

மார்ச் 7, வெள்ளி

ஆலோசகர் சின்னப் பெண். இன்று விபத்தைத் தொடவே இல்லை. நிம்மதியான ஓர் இடத்தை நினைக்கச் சொன்னார். எனக்கு பேங்க்தான் வந்தது. ஏசி இருக்கும், யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். முடியாவிட்டால் கையைத் தூக்கினால் போதும், நிறுத்திவிடுவாராம். வேதனைக்குப் பத்துக்கு எத்தனை என்றார். எட்டு. பள்ளிக்கூடத்தில்கூட அவ்வளவு வாங்கியதில்லை.

மார்ச் 14, வெள்ளி

விபத்தை நினைத்துக்கொண்டே, இடமும் வலமுமாகப் போகிற ஆலோசகரின் விரலைப் பார்க்க வேண்டும். இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தேன். எட்டு எட்டாகவே இருக்கிறது.

வீட்டுக்காரர் வெளியே காரில் காத்திருந்தார். நான் பஸ் ஏறினேன். இருவரும் ஒரே நேரத்தில் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தோம். அசிங்கமாக இருந்தது.

மார்ச் 21, வெள்ளி

குட்டு வெளிப்பட்டது. பாதியில் விரலை நிறுத்திவிட்டு, "உங்க கண்ணு நகரவே இல்லையே, எங்க பாக்கறீங்க?" என்று கேட்டார் ஆலோசகர். அப்போதுதான் எனக்கே உறைத்தது. பாட்டில் தொழிற்சாலையில் பரிசோதனை என் வேலை. வெளிச்சப் பலகைக்கு முன்னால் பாட்டில்கள் ஓடிக்கொண்டே இருக்கும். ஒன்றின் பின்னால் கண்ணை விட்டால் தலை சுற்றும், அடுத்தது தப்பிவிடும். அதனால் கண்ணை ஒரே இடத்தில் நட்டுவைத்து, கீறல் வந்தால் மட்டும் பிடிப்போம். பாவம், அந்தப் பெண்ணின் விரலையும் பரிசோதித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். கீறல் ஒன்றும் இல்லை.

"எதையும் பிடிக்க வேணாம். தப்பிப் போனா போகட்டும், விரல் கூடவே வாங்க" என்றார்.

போனேன். கார். கண்ணாடி. அப்புறம் என் குரல். வீட்டுக்காரர் சீட் பெல்ட்டில் தொங்கிக்கொண்டு, கண் திறந்தபடி —

அவர் ஓட்டினதுல எனக்கு என்ன பயம்? கூப்பிட்டேன், கூப்பிட்டேன், மனுஷன் பேசவே இல்ல. போயிட்டார்னே நினைச்சேன். அந்த சீட்டுல உக்காந்தா திரும்பவும் அப்படிக் கூப்பிடணுமேன்னுதான்...

கையைத் தூக்கினேன். தண்ணீர் கொடுத்தார். கொஞ்சம் பொறுத்து மறுபடி ஆரம்பித்தோம். கடைசியில் ஐந்து.

மார்ச் 22, சனி

அடித்துப் போட்ட மாதிரி தூங்கியும் தலை பாரம். கண்ட கண்ட கனவெல்லாம் வந்தது. இரண்டு மூன்று நாள் இப்படித்தான் இருக்கும் என்று ஆலோசகர் முன்பே சொல்லியிருந்தார்.

மார்ச் 23, ஞாயிறு

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"நீ கூப்பிட்டது கேட்டுச்சு. எல்லாம் கேட்டுச்சு. வாய்தான் வரல."

இத்தனை நாள் இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை? நான் மட்டும் சொன்னேனா? இருவரும் அழுதோம்.

ஏப்ரல் 4, வெள்ளி

இரண்டு. பூஜ்யம் ஆகாதா என்றேன். ஆகாமலும் போகலாம் என்றார் ஆலோசகர். பரவாயில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

நாத்தனார் வீட்டுக்குக் காரில் போனோம். போகும்போது கைப்பிடியை விடவே இல்லை. ஊமைச்சாமி என்று நான் கேலி செய்கிற மனிதர் வழியெல்லாம் எதையாவது பேசிக்கொண்டே ஓட்டினார். திரும்பும்போது பாதியில் தூங்கிவிட்டேன். வீடு வந்தும் எழுப்பாமல், இன்ஜினை அணைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. நன்றாகத் திட்டினேன்.