பற்றைக்குள் போன பந்து

இலுப்பைக்கடவை, 14.6.2011

அன்புள்ள அம்மாவுக்கு,

கண்டியில் மழை விட்டதா? உங்கள் முழங்கால் வலி எப்படி? நான் நலம்.

எங்கள் ரக்பி கழகத்துக்காக, போர் முடிந்து மீள்குடியேறிய பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன் அல்லவா? நேற்றுப் பந்து துள்ளி, மைதான ஓரத்துப் புதர்ப் பற்றைக்குள் போனது. ஒரு பிள்ளையும் பின்னால் ஓடவில்லை. சோம்பேறிகள் என்று திட்டிக்கொண்டு நானே உள்ளே போனேன்.

"அசையாதேங்கோ சேர்! அங்க மிதிவெடி இன்னும் எடுக்கேல்லை. வந்த காலடியிலயே திரும்பி வாங்கோ."

கத்தியது பத்து வயது அபிசா. அடியடியாகச் சொல்லி அவளே என்னை வெளியே எடுத்தாள். மற்றவர்களோ அடுத்த பந்து எங்கே என்று கேட்டார்கள்!

கட்டிலுக்கடியில் உள்ள என் பழைய பந்தை அனுப்புங்கள். ஞாயிறு போன் எடுங்கள், சும்மா பேசினால் போதும். கடிதம் கொண்டுபோகும் பஸ் வந்துவிட்டது.

பயப்படாதீர்கள். மைதானத்தின் எல்லைக்கோட்டை இனி அபிசாதான் போடுவாள்.

உங்கள் மகன்,
யோகராஜா